திங்கட்கிழமைச் சத்தம்

பிரேக் கீச்சிட்டால் வண்டிக்காரனுக்கு அது வெறும் சத்தம். எனக்கு அது யாரோ என்னைப் பெயர் சொல்லித் திட்டுகிற மாதிரி இருக்கும். நெல்லித்தோப்பில் என் மெக்கானிக் கடை வாசலில் உட்கார்ந்தபடியே, தெருமுனையில் திரும்புகிற வண்டிக்குப் பேட் தேய்ந்திருக்கிறதா, டிரம்முக்குள் தூசி அடைத்திருக்கிறதா என்று சொல்லிவிடுவேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமைக்காகவும்தான். அப்படிப்பட்ட என்னை ஒரு பழைய ஆர்.எக்ஸ். பைக் மூன்று மாதம் முட்டாளாக்கி வைத்திருந்தது.

வண்டி நெடுமாறனுடையது. நானும் அவனும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. எங்கள் அப்பாக்கள் ஒரே மில்லில் வேலை பார்த்தவர்கள். என் அப்பா எனக்குப் புருஷோத்தமன் என்று பெருமாள் பெயரை வைத்தார். அவன் அப்பா கறுப்புச் சட்டைக்காரர், மகனுக்குப் பாண்டிய ராஜா பெயரை வைத்தார். அவர் போய்ச் சேர்ந்த பிறகும் அந்த வீட்டுச் சுவரில் ஒரு சாமி படம் ஏறவில்லை. ஆயுத பூஜையன்று நான் ஸ்பேனருக்கெல்லாம் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தால், நெடுமாறன் பொரியை மட்டும் வாங்கிக் கொறித்தபடி என்னைக் கிண்டல் பண்ணிக்கொண்டிருப்பான்.

அவனுக்குத் தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் வேலை. அவன் மனைவி துர்காவுக்கும் அதே தொழிற்பேட்டையில், இரண்டு தெரு தள்ளி, சட்டை தைக்கிற கம்பெனியில் வேலை. வீடு கருவடிக்குப்பம். காலையில் இருவரும் சேர்ந்து வீட்டைப் பூட்டுவார்கள், சேர்ந்து தெருமுனை வரை வருவார்கள், அப்புறம் அவள் ஆள் ஏற்றுகிற ஷேர் டெம்போவில் ஏறிக்கொள்வாள், அவன் அந்த டெம்போவுக்குப் பின்னாலேயே வண்டியை ஓட்டிக்கொண்டு போவான். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன், ஆனால் காரணம் தெரிந்தவன் என்பதால் ரொம்பச் சிரித்ததில்லை.

இரண்டாயிரத்து நாலாம் வருஷம், கார்த்திகை மழையில், இருவரும் வேலை முடிந்து திரும்பும்போது ஈ.சி.ஆர். சாலையில் எருமை ஒன்று குறுக்கே வந்துவிட்டது. அப்போது வண்டியில் இருந்தது பழைய டிரம் பிரேக். லைனர் தேய்ந்திருந்தது, மழைத் தண்ணீரும் உள்ளே புகுந்திருந்தது. முன் பிரேக்கைப் பிடித்தான், நிற்கவில்லை. பதறிப்போய்ப் பின் பிரேக்கை மிதித்தான், வண்டி படுத்துவிட்டது. எருமை தன் பாட்டுக்குப் போனது. அவனுக்கு முழங்கையில் ஒரு சிராய்ப்பு. துர்காவுக்கு இடது கால் எலும்பு முறிந்து, உள்ளே ராடு வைத்தார்கள்.

கால் சரியாகிவிட்டது. நடையில் வித்தியாசம் தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு அவள் அந்த வண்டியில் ஏறவில்லை. சண்டை போடவில்லை, சபதம் போடவில்லை, சும்மா ஏறவில்லை. நெடுமாறனைக் கொன்றது அதுதான். "திட்டினாக்கூட தேவலடா புருசு," என்பான். "ஒண்ணுமே சொல்லாம டெம்போக்கு சில்லறை எடுத்துக்கினு கெளம்புறா பாரு, அப்பதான் செத்துடலாம்னு இருக்குது."

அப்புறம் ஒருநாள் வந்து, வண்டியின் முன்பக்கத்தையே மாற்றிவிடு என்றான். புது வண்டி வாங்கிக்கொள்ளேன்டா என்றேன். கேட்கவில்லை. எந்த வண்டியிலிருந்து அவள் விழுந்தாளோ அதே வண்டியில் அவள் திரும்ப ஏற வேண்டும் என்பது அவன் பிடிவாதம். எனக்கு அந்தப் பிடிவாதம் பிடித்திருந்தது. சென்னை புதுப்பேட்டைக்குப் போய், நொறுங்கிப்போன ஒரு பெரிய வண்டியின் முன் ஃபோர்க், சக்கரம், டிஸ்க், இரண்டு பிஸ்டன் காலிப்பர் எல்லாம் பொறுக்கிக்கொண்டு வந்தேன். டிஸ்க் என்பது சக்கரத்தோடு சுற்றுகிற தட்டு. அதை இரண்டு பக்கமும் கவ்விப் பிடித்து நிறுத்துகிற கவ்விதான் காலிப்பர். கவ்வியின் வாயில் பல் மாதிரி இருப்பது பேட். பழைய ஆர்.எக்ஸுக்கு அதைப் பொருத்த இரண்டு வாரம் பிடித்தது. முடித்துவிட்டு ஓட்டிப் பார்த்தேன். இரண்டு விரலால் தொட்டாலே நின்றது.

நெடுமாறன் வண்டியைத் துடைத்துப் பளபளவென்று வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போய், துர்காவை வாசலுக்குக் கூப்பிட்டு, டிஸ்க்கைக் காட்டியிருக்கிறான். "இந்தத் தட்டைப் பாரு. இனிமே என் உயிரு இதுலதான் இருக்குது. இது புடிச்சா வண்டி நின்னுடும்." அவள் எட்டி நின்றபடியே பார்த்துவிட்டு, "நீங்க கொஞ்ச நாள் ஓட்டிப் பாருங்க. அப்பறம் பாக்கலாம்," என்றாளாம். இரண்டு வருஷத்தில் அவள் வாயிலிருந்து வந்த முதல் 'பாக்கலாம்' அது. அதைச் சொல்வதற்காகவே அவன் கடைக்கு வந்தான், கையில் அல்வாவோடு.

அடுத்த வாரம் திங்கட்கிழமை சாயந்தரம் அந்தச் சத்தம் வந்தது. தெருமுனையில் திரும்பும்போதே கேட்டது. கத்தியைச் சாணை பிடிக்கிற மாதிரி ஆரம்பித்து, வண்டி நிற்கப்போகிற நேரத்தில் பன்றியை அறுக்கிற மாதிரி முடிந்தது. பக்கத்து வீட்டு சொல்தா முசே, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர், ஜன்னலை இழுத்துச் சாத்தினார்.

"புது பேடுடா. பழகணும். நாலு நாள் ஓட்டு," என்றேன்.

பழகவில்லை. பேட்டைக் கழற்றிப் பார்த்தேன், முகம் கண்ணாடி மாதிரி மினுங்கியது. மினுங்கினால் கத்தும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, டிஸ்க்கைத் தின்னரில் துடைத்து மாட்டினேன். சத்தம் போச்சு. வாரம் முழுவதும் மூச்சு விடவில்லை. திங்கட்கிழமை திரும்ப வந்தது.

காலிப்பர் இறுகியிருக்கும் என்று நினைத்தேன். கழற்றி, பிஸ்டனை வெளியே எடுத்துக் கழுவி, கவ்வி நகர்கிற பின்களுக்கெல்லாம் கிரீஸ் வைத்து, பேட்டின் முதுகில் மெல்லிசாகத் தகடு வெட்டி வைத்து, டிஸ்க்கைத் தின்னரில் துடைத்து மாட்டினேன். சத்தம் போச்சு. மார் தட்டிக்கொண்டேன். திங்கட்கிழமை திரும்ப வந்தது. டிஸ்க் கோணலோ என்று தட்டாஞ்சாவடியில் லேத் வைத்திருக்கிறவரிடம் கொண்டுபோய்ச் சுற்றவிட்டுப் பார்த்தேன். ஒரு நூல்கூட ஆட்டம் இல்லை. வேறு கம்பெனிப் பேட் போட்டேன். பிரேக் ஆயிலை மாற்றினேன். சக்கர பேரிங்கை மாற்றினேன். ஒவ்வொரு தடவையும் சத்தம் போனது, ஒவ்வொரு தடவையும் இதுதான் காரணம் என்று நான் கண்டுபிடித்துச் சொன்னேன், ஒவ்வொரு திங்கட்கிழமையும் அது வந்து என் முகத்தில் கரி பூசியது.

சத்தத்தை விட மோசமாக ஒன்று நடந்துகொண்டிருந்தது. பிரேக் பிடிப்பும் குறைந்துகொண்டே வந்தது. இரண்டு விரலில் நின்ற வண்டிக்கு இப்போது முழுக் கையும் வேண்டியிருந்தது. நெடுமாறன் முப்பதுக்கு மேல் ஓட்டுவதையே விட்டுவிட்டான். கொக்கு பார்க் சிக்னலில் சிவப்புத் தொப்பி போலீஸ்காரர் கீச்சலைக் கேட்டுவிட்டு இவனைத் தனியாக ஓரம்கட்டி, "இன்னாய்யா, ஆட்ட அறுக்கிறியா?" என்று கேட்டிருக்கிறார். டெம்போவில் துர்காவோடு வருகிற பெண்கள், பின்னால் சத்தம் கேட்டாலே, "உன் வூட்டுக்காரரு வந்துட்டாரு பாரு," என்று சிரிப்பார்களாம். அவள் சிரிக்க மாட்டாளாம். திரும்பி, வண்டி நிற்கிறவரை பார்த்துக்கொண்டே இருப்பாளாம்.

"அந்த சத்தம் நின்னா ஏறுறேன்னு சொல்லிட்டாடா," என்றான் நெடுமாறன். "அவளே வாயத் தொறந்து சொல்லிட்டா. உன்னால ஒரு சத்தத்த நிறுத்த முடியல."

எனக்குக் கோபம் வந்தது. அவன் மேல் இல்லை, அந்தக் காலிப்பர் மேல். அதோடு ஒரு கேள்வியும் வந்தது. "ஏண்டா, எப்பப் பாத்தாலும் திங்கட்கிழமைதான் வர்ற. ஞாயித்துக்கிழமை கத்தாதா?"

"ஞாயித்துக்கிழமை வண்டியை எடுக்க மாட்டேன். லீவு நாள்ல அவளை வுட்டுட்டு நான் மட்டும் எங்க போறது? ரெண்டு பேரும் டெம்போலதான் போவோம்."

"சனிக்கிழமை?"

"சனிக்கிழமை நல்லாத்தான் இருந்துச்சு. சாயந்தரம் வூட்ல நிறுத்துற வரைக்கும் சத்தமே இல்ல."

சனிக்கிழமை சாயந்தரம் நல்லபடியாக நின்ற வண்டி, நின்ற இடத்திலேயே எப்படிக் கெடும்? ராத்திரி முழுக்க அதையே யோசித்தேன் என்று சொன்னால் பொய். தூங்கிவிட்டேன். காலையில் பல் தேய்க்கும்போது ஒன்று புரிந்தது. இத்தனை தடவையும் நான் வண்டி வந்ததும் கழற்றத்தான் ஆரம்பித்திருக்கிறேன். ஒரு தடவைகூட உட்கார்ந்து பார்க்கவில்லை. ஸ்பேனர் கையில் இருந்தால் கண்ணுக்கு வேலை இல்லை என்று நினைக்கிற ஆள் நான்.

அடுத்த திங்கட்கிழமை, வேலைக்குப் போகும் முன்பே கடைக்கு வரச் சொன்னேன். அவன் நிறுத்தியதும் வண்டிக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். எதையும் தொடவில்லை. டிஸ்க்கில் சூடு போவதற்காக ஓட்டைகள் வரிசை வரிசையாக இருக்கும். அந்த ஓட்டைகளுக்குள் சிவப்பாக இருந்தது. அதை முதல் வாரமே பார்த்திருந்தேன். கடலோர ஊர், உப்புக் காற்றில் வீட்டு கேட், ஜன்னல் கம்பி எல்லாமே சிவந்துபோகும், இதுவும் துரு என்று தின்னரில் துடைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருந்தேன். அந்த மாதிரித் தட்டு சுலபத்தில் துருப்பிடிக்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் காற்றின் மேல் பழியைப் போட்டிருந்தேன்.

சுண்டுவிரலை ஓர் ஓட்டைக்குள் விட்டு எடுத்தேன். துரு என்றால் செங்கல் தூள் மாதிரி விரலில் ஒட்டும். இது வழுக்கியது. பிரேக் ஆயில் கசிகிறதோ, ஃபோர்க் ஆயிலோ என்று மூக்கருகே கொண்டுபோனேன். இரண்டும் இல்லை. நெய் வாசனை. அதோடு பச்சைக் கற்பூரம்.

"நெடுமாறா, இங்க வா. இத மோந்து பாரு."

அவன் மோந்து பார்த்தான். "இன்னாடா இது, கோயிலாட்டம் வாசன வருது?"

"செந்தூரம். ஆஞ்சநேயர் கோயில்ல நெய்யில கொழச்சித் தருவாங்களே, அது. உன் டிஸ்க்கு பூரா வச்சிருக்குது. ஒவ்வொரு ஓட்டையிலயும் ஒரு பொட்டு."

எல்லாம் ஒரு நொடியில் விளங்கிவிட்டது. சக்கரம் சுற்றச் சுற்ற அந்த நெய் டிஸ்க்கில் பரவி, பேட்டில் ஏறி, சூட்டில் வெந்து, கண்ணாடி மாதிரி ஆகிவிடுகிறது. நான் செய்த அத்தனை வைத்தியத்தோடும் டிஸ்க்கைத் தின்னரில் துடைத்தேன் அல்லவா, வேலை செய்தது அந்தத் துடைப்பு மட்டும்தான். மிச்சமெல்லாம் நான் எனக்கே காட்டிக்கொண்ட வித்தை. பிரேக்கில் நெய் வடிவதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று மாதம் ஆகியிருந்தது.

"யாருடா உன் வண்டிக்குப் பொட்டு வக்கிறது?" என்று கேட்டேன். கேட்டபிறகுதான் அது எவ்வளவு முட்டாள்தனமான கேள்வி என்று தெரிந்தது.

நெடுமாறன் டிஸ்க்கின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். ஓட்டை ஓட்டையாகப் பார்த்துக்கொண்டே போனான். ஒரு பக்கம் முடித்துவிட்டு, குனிந்து அடுத்த பக்கமும் பார்த்தான். ஒன்றுகூட விட்டுப்போகவில்லை.

"சனிக்கிழமை சாயந்தரம் அவ கோயிலுக்குப் போயிட்டு வருவா," என்றான். "அவ வந்ததும் நான் டீ குடிக்கப் போவேன்." ஓட்டை ஒன்றை விரலால் தொட்டு, "வாசல்ல வண்டி நின்னா ஒதுங்கித்தான்டா போவா. கையால தொட்டு நான் பாத்ததே இல்ல. ரெண்டு வருஷமா எம்மேல வெறுப்புன்னு நெனச்சிக்கினு இருந்தேன்," என்றான்.

அவன் அழுதான் என்று சொல்ல மாட்டேன். மூக்கைத் துடைத்துக்கொண்டான், விரலில் இருந்த செந்தூரம் மூக்கில் ஒட்டிக்கொண்டது. அவனுடைய கறுப்புச் சட்டைக்கார அப்பா பார்த்திருக்க வேண்டும்.

"சரி, இன்னிக்கே போயி சொல்லிடு," என்றேன்.

"வேணாம்டா."

"இன்னா வேணாம்?"

"நான் நல்லா இருக்கணும்னு வச்சிருக்கா. அதாலதான் பிரேக்கு புடிக்காம போச்சுன்னு சொன்னா, அவ தாங்க மாட்டா. ஏற்கெனவே ஒருதரம் விழுந்தவ. இப்ப தன்னாலதான் நான் விழுந்திருப்பேன்னு தெரிஞ்சா, ஜென்மத்துக்கும் இந்த வண்டிகிட்ட வர மாட்டா. ஞாயித்துக்கிழமை அவ தூங்குறப்ப நானே தொடச்சிடுறேன். நீ வாயத் தொறக்காத."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. "டேய், பேடு நெய் குடிச்சா குடிச்சதுதான். மேலால தொடச்சா சத்தம் போவும், நிக்கிற சக்தி திரும்பாது. எத்தனை வாரம் தொடப்ப? ஒரு வாரம் மறந்தா? ஒரு எருமை வந்தா?"

"புது பேடு போடு. அதுவரைக்கும் சொல்லாத. எனக்காக."

'எனக்காக' என்று அவன் சொன்னால் எனக்கு வாயடைத்துவிடும், அது அவனுக்குத் தெரியும். சென்னையிலிருந்து புதுப் பேட் வரவழைக்கிறேன், சனிக்கிழமை சாயந்தரம் வந்து மாற்றிக்கொள், அதற்குள் நீயே அவளிடம் சொல்கிற வழியைப் பார் என்று சொல்லி, டிஸ்க்கைத் துடைத்து, மெதுவாகப் போகச் சொல்லி அனுப்பினேன். சொல்ல மாட்டேன் என்று ஒப்புக்கொண்டது வாரம் முழுக்க உறுத்தியது. ஒருவர் உயிரோடு இருக்க வேண்டும் என்று இன்னொருவர் செய்கிற காரியத்தை எந்த வாயால் தப்பு என்று சொல்வது? சந்தனப் பொட்டு வைத்த ஸ்பேனரால் வேலை செய்கிறவன் நான். அதே சமயம், பிரேக் என்பது பிரேக். அதற்கு யார் வைத்தார்கள், எதற்கு வைத்தார்கள் என்பதெல்லாம் தெரியாது.

சனிக்கிழமை சாயந்தரம் நெடுமாறன் வருவதற்கு முன்னால் துர்கா வந்தாள். கோயிலிலிருந்து நேராக வந்திருக்கிறாள். நெற்றியில் செந்தூரம், கையில் ஒரு பை. கடைக்கு அவள் வருவது அதுதான் முதல் தடவை. பெஞ்சைத் துடைத்துப் போட்டேன்.

"வா தங்கச்சி, உக்காரு. அவன் இன்னும் வரல."

"தெரியும்ண்ணே. அவரு வர்றதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு வந்தேன்." பையை மடியில் வைத்துக்கொண்டாள். "இந்த வண்டிய வித்துடுங்கன்னு அவருகிட்ட சொல்லப் போறேன். நீங்களும் சொல்லணும். நான் சொன்னா மொகத்த தூக்கி வச்சிப்பாரு, நீங்க சொன்னா கேப்பாரு."

"ஏம்மா, பிரேக்கு சரியாயிடும்..."

"மூணு மாசமா சரியாயிடும்னுதான் சொல்றீங்க." குரல் உயரவில்லை, ஆனாலும் எனக்குச் சுட்டது. "நான் டெம்போல முன்னாடி போறேன். பின்னாடி அந்தச் சத்தம் வருது. நின்னுட்டாரா, நின்னுட்டாரான்னு ஒவ்வொரு சிக்னல்லயும் திரும்பிப் பாக்குறேன். கம்பெனில உக்காந்தா ஊசி கோக்க முடியல. அவரு கூட வண்டில போவணும்னு எனக்கு மட்டும் ஆசை இல்லியா? எங்க கல்யாணம் ஆன புதுசுல கடற்கரைக்கு அதுலதான் போவோம். நானும் காத்துக்கினுதான் இருந்தேன், எல்லாம் சரியாவும், ஏறலாம், ஏறலாம்னு. ஆவல. போதும். வித்துடட்டும்."

வாக்குக் கொடுத்திருந்தேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இன்னும் ஒரு மணி நேரத்தில் அவன் வருவான், புதுப் பேட் போட்டு அனுப்பலாம், அவள் இன்று ராத்திரி டிஸ்க்கில் திரும்பப் பொட்டு வைப்பாள், அந்தப் புதுப் பேடும் நெய் குடிக்கும். மடியிலிருந்த பையைப் பார்த்தேன். வாழை இலைப் பொட்டலம் ஒன்று எட்டிப் பார்த்தது.

எழுந்து போய், பழைய சாமான் போடுகிற தகர டப்பாவைக் கிளறி, போன மாதம் கழற்றிய பேட் ஒன்றை எடுத்தேன். மினுமினுவென்ற முகம், ஓரத்தில் காய்ந்த சிவப்பு. அவளிடம் நீட்டினேன்.

"இதுதான் டிஸ்க்க புடிக்கிறது தங்கச்சி. இத மோந்து பாரு."

முகத்தருகே கொண்டுபோனாள். அவளுக்கு இரண்டாவது மூச்சு தேவைப்படவில்லை. பேட்டைக் கீழே வைத்தாள். பையின் மேல் கையை வைத்து மூடிக்கொண்டாள்.

"நெய்யி," என்றாள்.

"ஆமா. பிரேக்குக்கு எண்ணெ, நெய்யி எதுவும் ஆவாது. வழுக்கும். அதான் கத்துது. நீ சனிக்கிழமை வக்கிற, அது திங்கக்கிழமை கத்துது."

"அப்ப பிரேக்கு புடிக்கவே இல்லியா? மூணு மாசமா?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. பிரேக் விஷயத்தில் எனக்குப் பொய் வராது. "பாதிதான் புடிச்சிது," என்றேன்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. தரையைப் பார்த்தபடி பேசினாள். "அவரு தனியாப் போறாரேண்ணே. பின்னாடி நான் இருந்தா மெதுவா போங்க, பாத்துப் போங்கன்னு சொல்லிக்கினே வருவேன். நான் இல்ல. நான் இல்லாத எடத்துல சாமியாவது இருக்கட்டும்னுதான் வச்சேன். என் உயிரு இந்தத் தட்டுலதான் இருக்குதுன்னு அவருதான் காட்டுனாரு. அதுல வரிசையா புள்ளி புள்ளியா இருந்துச்சு. ஒண்ண வுட்டா அந்த எடத்துல ஏதாவது ஆயிடுமோன்னு பயந்து எல்லாத்துலயும் வச்சேன். நானே அவரைக் கொல்லப் பாத்திருக்கேன்."

"அப்படி இல்ல," என்றேன். எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது, அதனால் தெரிந்ததைச் சொன்னேன். "சத்தமே போடாம புடிப்பு கொறஞ்சிருந்தாத்தான் ஆபத்து. இது ஊரக் கூட்டிக் கத்திச்சு. கத்துன பயத்துல அவன் முப்பதத் தாண்டல. நீ பின்னாடி உக்காந்து சொல்றத அது சொல்லிக்கினு இருந்துச்சுன்னு வச்சிக்கயேன். ஆனா இனிமே வேணாம்."

அப்போது நெடுமாறனின் வண்டி தெருமுனையில் திரும்பியது. வாரம் முழுக்கத் துடைத்திருக்கிறான், சத்தம் இல்லை. துர்காவைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான். என்னைப் பார்த்தான். நான் ஸ்பேனரைத் தேடுகிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

"உங்களுக்குத் தெரிஞ்சிருக்குது," என்றாள் துர்கா. "ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ பயந்துடுவன்னுதான்."

"நான் இப்ப மட்டும் பயப்படாம இருக்கேனா?"

நெடுமாறன் வண்டியை ஸ்டாண்ட் போட்டுவிட்டு அவள் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தான். நான் வேலையை ஆரம்பித்தேன். பழைய பேட்டைக் கழற்றி எறிந்தேன், டிஸ்க்கை மூன்று தடவை தின்னரில் துடைத்தேன், ஒவ்வொரு ஓட்டையிலும் துணி விட்டு இழுத்தேன்.  முதுகுக்குப் பின்னால் அவன், "எல்லா ஓட்டையிலயும் எப்படி வச்ச? ரொம்ப நேரம் ஆயிருக்குமே," என்று மெதுவாகக் கேட்டது காதில் விழுந்தது. "சக்கரத்த உருட்டி உருட்டி வச்சேன்," என்றாள் அவள். "வண்டி மேல சாஞ்சா உருளுது." நான் அதன்பிறகு வேண்டுமென்றே சத்தமாகத் தட்டி வேலை செய்தேன்.

புதுப் பேட் மாட்டி, தெருவில் இரண்டு சுற்று ஓட்டிப் பிடித்துப் பார்த்தேன். இரண்டு விரலில் நின்றது. பழைய பிடிப்பு. இறங்கிச் சாவியை நெடுமாறனிடம் கொடுத்தேன். துர்கா பையிலிருந்து இலைப் பொட்டலத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, என்ன செய்வது என்று தெரியாமல் நின்றாள். வாங்கி வந்துவிட்டாள், தூக்கிப் போடவும் மனசு வராது.

"இத எங்கண்ணே வக்கிறது?" என்றாள்.

நான் நெடுமாறனைப் பார்த்தேன். கிண்டல் பண்ணினால் ஸ்பேனரால் அடிக்கிறதாக இருந்தேன். அவனோ, அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"டிஸ்க்கையும் டயரையும் வுட்டுட்டு எங்க வேணா வையி," என்றேன். வண்டியைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தேன். ஹேண்டில் வேண்டாம், கை வழுக்கும். டேங்க்கில் வைத்தால் அவன் பேண்டில் ஒட்டும். சீட்டுக்குப் பின்னால் இருக்கிற கம்பியைக் காட்டினேன். "அங்க வையேன். யாரும் தொட மாட்டாங்க."

துர்கா அந்தக் கம்பியைப் பார்த்தாள். இரண்டு வருஷமாக யாரும் பிடிக்காததால் அது பளிச்சென்று இருந்தது.

"அதுல வச்சா," என்றாள், "நான் எதைப் புடிச்சிக்கினு உக்கார்றது?"

நெடுமாறன் கையிலிருந்த சாவி கீழே விழுந்தது. குனிந்து எடுக்க அவனுக்கு நேரமாயிற்று. கடைசியில் ஹெட்லைட்டுக்கு மேலே, கண்ணாடியில் படாமல், ஒரே ஒரு பொட்டு வைத்தாள். வைக்கும்போது அவன் ஹேண்டில் ஆடாமல் பிடித்துக்கொண்டான். மிச்சத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, இடது காலைக் கொஞ்சம் பார்த்து, சேலையை ஒதுக்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். ஒரு கை கம்பியில், ஒரு கை அவன் தோளில்.

முதல் உதைக்கு வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. இரண்டாவதுக்கு ஆனது. கிளம்பிப் போனார்கள். தெருமுனையில் வேகத்தடை இருக்கிறது, அங்கே பிரேக் பிடித்துத்தான் ஆக வேண்டும். என்னையறியாமல் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். சத்தம் வந்தது. பிரேக் சத்தம் இல்லை. "மெதுவாங்க, மெதுவா," என்று துர்கா சொல்லிக்கொண்டே போனாள்.